ஏசுவதற்கு ஒரு மொழி

வீட்டில் மகளைக் கொஞ்சுவது தமிழில். கோபம் வந்தால் எனக்கு மலையாளம்தான் வரும். நான்கு வயதுக்காரி, பாறசாலை அங்கன்வாடியில் மலையாளம் பேசும் டீச்சரைக் கடித்துவிட்டாள். வெட்கத்தோடு பெற்றோர் பயிற்சி வகுப்புக்குப் போனேன்.

“அங்க தமிழ் பேசுற ஆயாகிட்ட பசுவாட்டம் இருப்பா,” என்று புலம்பினேன்.

வகுப்பெடுத்த நர்ஸ், “பிள்ளைகிட்ட மலையாளம் எப்போ பேசுவிய?” என்றார்.

“ஏசும்போ மட்டுமாக்கும்.”

சொன்னதும் எனக்கே உறைத்தது. அவர் குறை சொல்லவில்லை. “நல்லது செய்யும்போ மலையாளத்துல மெச்சிப் பாருங்க,” என்றார்.

மாலையில் மகள் தானே செருப்பை ஒதுக்கி வைத்தாள். “மிடுக்கி!” என்று, கெட்டிக்காரி என்பதை மலையாளத்தில் சொல்லி மெச்சினேன். சட்டென்று கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு விரலிடுக்கில் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, இது ஏச்சு இல்லியா?”

ஒற்றைக் கேள்வியில் இதைக் கண்டுகொண்ட நர்ஸை நினைத்தால் இன்றும் மலைப்புதான். இப்போது இரண்டு மொழியும் கொஞ்சத்தான். கோபத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர்.