அப்புசாமி இழுத்து மாட்டிய பைப்

பைப் பிட்டர் துடியலூர் அப்புசாமி மாட்டிய பைப் ஒழுகாது என்று கோயமுத்தூர் மில்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் அப்புசாமிக்கே பெரும் பங்கு. "பைப்பு தானா பம்பு வாய்க்கு வந்து நிக்கோணுமுங்க. போல்ட்டு வெரல்லயே நுழையோணும். கடப்பாரையத் தொட்டா அவன் பிட்டரே இல்லீங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்து அளப்பார்.

தொண்ணூற்று நான்கு ஆவணியில் சிங்காநல்லூர் தம்பிதுரையின் சாயப்பட்டறைக்குப் புதுப் பம்பு வந்தது. ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம். தேங்காய், சூடம், முதலாளி வீட்டுச் சொந்தபந்தம் எல்லாம் தயார். தயாராகாதது பைப் மட்டும்தான். வெல்டிங் முடித்து வைத்துப் பார்த்தால், பம்பின் வாயை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. வெட்டி மறுபடி பற்றவைக்க அரை நாள் வேண்டும்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புசாமி செயின் பிளாக்கைக் கட்டிப் பைப்பை இழுத்து, கடப்பாரையால் நெம்பி, போல்ட்டுகளை முறுக்கிவிட்டார். பத்து மணிக்குப் பம்பு ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். மனுசன் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

இழுபட்ட பைப் சும்மா இருக்குமா? ராப்பகலாகப் பம்பைப் பக்கவாட்டில் இழுத்தது. பம்பும் மோட்டாரும் ஒரே நேராக நிற்கவில்லை. தீபாவளிக்குள் இரண்டு பேரிங் போயிற்று. முதலாளி காரணம் கேட்டபோதே அப்புசாமிக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், "கிரீஸ் பத்தலீங்க" என்றார். பம்பு ஓட்டி, கிரீஸ் வைக்கிற ராமுலு எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அன்றிலிருந்து அந்த வேட்டியைப் பெட்டியில் பார்க்கும்போதெல்லாம் அப்புசாமிக்கு வெட்கமாக இருந்தது. இருந்து என்ன பிரயோசனம், வாய் திறக்கவில்லையே.

தை மாதம் மூன்றாவது பேரிங்கும் போனது. "மாத்திக் குடுங்க அப்புசாமி. ராமுலுவ நாளையில இருந்து நிறுத்தியாச்சு" என்றார் முதலாளி.

பம்பு ரூமுக்குள் ராமுலு கிரீஸ் டப்பாவோடு நின்றார். பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள், ஜன்னல் வரைக்கும். "ஒவ்வொரு தடவ கிரீஸ் வெச்சதுக்கும் ஒரு கோடுங்ணா" என்றார். அப்புசாமிக்கு உடம்பே கூசிப்போயிற்று.

மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வால்வுகளை மூடித் தண்ணீரை வடித்தார். பேரிங் பக்கம் போகவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, பைப்பின் போல்ட்டுகளைக் கழற்றினார். கடைசி போல்ட்டு வந்ததும் பைப் டங்கென்று துள்ளி இரண்டு விரல் விலகி நின்றது.

"நாந்தானுங்க இழுத்துப் பூட்டுனேன். கிரீஸுன்னு சொன்னது பொய்யிங்க. ராமுலு மேல தப்பில்லீங்க."

அப்புசாமி பைப்பை வெட்டி, பம்பின் மேல் பாரம் விழாமல் தனியாகத் தாங்கு வைத்து, மறுபடி பற்றவைத்தார். சாயங்காலம் போல்ட்டுகள் விரலாலேயே நுழைந்தன. முதலாளி ராமுலுவிடம், "காலைல வந்துருங்க" என்றார்.

ராமுலு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மறக்கலீங்களாண்ணா? வெச்சனா வெக்கலையான்னு எனக்கே எம்மேல நம்பிக்கை போயிருச்சுங்க. அதுக்குத்தான் கோடு போட்டேன்."