இழுத்து அளந்த கயிறு

இன்று மதியம் தொம்மலூரில் என் கடையில் முப்பது மீட்டர் நைலான் கயிறு விற்றேன். வாங்கியது எதிர் ஜெராக்ஸ் கடை முருகேசனின் மகள் ஷீலா, பத்தாவது படிக்கிறாள்.

நைலான் கயிற்றை இழுத்துப் பிடித்து அளப்பது எங்கள் தொழில் வழக்கம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இருபது வருடமாக யாரும் கேட்டதில்லை.

மற்ற கஸ்டமர்கள் போகும்வரை ஷீலா காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அங்கிள், லூஸா விட்டு அளந்து குடுங்க. போன வருஷம் ஸ்கூல் கேம்ப்ல ரெண்டு மீட்டர் பத்தல. கடைசி டென்ட் கட்டவே முடியல."

அந்தக் கயிறும் என் கடையில் வாங்கியதுதான்.

"என் கடை பேரைச் சொன்னியாம்மா?"

"இல்ல அங்கிள். லீடர் நான்தானே? அளந்து பாக்காம வாங்கினது என் தப்புன்னு சொல்லிட்டு நானே வெளிய படுத்துக்கிட்டேன்."

எனக்கு வயிறு எரிந்தது. முருகேசனுக்குக் கடைக்கு வரும் ஆளிடம் நிமிர்ந்து பேசக்கூட வராது. அவனுக்கு இப்படி ஒரு பெண். அவனிடம் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.

என் மகனும் அதே வகுப்புதான். டம்ளரை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போடுகிறான். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. கேம்ப் எல்லாம் வெட்டிச் செலவு என்று அவனை அனுப்பாதவன் நான்.

"இந்தத் தடவை என் பையனையும் கேம்ப்ல சேத்துக்குவியா?"

"வரட்டும் அங்கிள். ஆனா புதுசா வர்றவங்கதான் பாத்திரம் தேய்க்கணும்."

முடிந்த பேரம்: மீட்டர் ஒன்பது ரூபாய், லூஸாக அளந்தது. போன வருஷத்து இரண்டு மீட்டர் சும்மா. சனிக்கிழமை கேம்ப்பில் பாத்திரம் என் மகன் தேய்ப்பான்.