மருதாணி ஏறாத நகம்

வேல்விழி அக்காவை நான் முதன்முதலில் பார்த்த அன்று, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கி எங்கள் முன்னால் ஸ்டூல் மேல் வைத்தார்.

“இதுல எது வெச்ச நகம்? சொல்லுங்க பாப்போம்.”

நானும் என் தங்கை பூங்கோதையும் குனிந்து பார்த்தோம். ஐந்து நகமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பூங்கோதை தயங்கித் தயங்கிச் சுண்டுவிரலைக் காட்டினாள்.

“அது எங்கம்மா பெத்தது. கட்டவெரல்தான் நான் செஞ்சது” என்று சிரித்தார் அக்கா.

அது 2008. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே இருந்த சின்ன பியூட்டி பார்லர். பூங்கோதை தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தவள். ஒருநாள் பிளாஸ்டர் அச்சு நழுவி அவள் வலது கால் கட்டை விரலில் விழுந்தது. நகம் கழன்றது. திரும்ப வளர்ந்தது பாதியோடு நின்று, புளியங்கொட்டை ஓடுபோலத் தடித்துப் போனது. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்தார்கள். “கால்ல ஏதோ சீக்கு போலருக்குது” என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் புடவையைத் தரையில் இழுபடத்தான் கட்டினாள்.

இரண்டாவதாகத் திட்டக்குடி ராஜ்மோகன் வீட்டில் சம்மதித்தார்கள். புடவை அவள் காலை மறைத்திருந்தது. ஆனால் அம்மி மிதிக்கும்போது புடவை மறைக்காது. மாப்பிள்ளை அந்தக் காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைப்பார். மொத்தச் சபையும் பார்க்கும்.

“அம்மி மேல கால வெக்கறப்ப நான் குனிஞ்சி நிக்கக் கூடாதுண்ணே” என்றாள் பூங்கோதை. அதற்காகத்தான் அக்காவைத் தேடிப் போயிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. வேதியியல். அந்தப் பெருமையில் எதைப் பார்த்தாலும் அது என்ன கெமிக்கல் என்று கேட்டுவிடுவேன். அங்கேயும் கேட்டேன்.

“பிசின் மாதிரி ஒண்ணு தம்பி. ஜெல்லுன்னு சொல்றாங்க. லைட்டுல காட்டுனா கெட்டியாயிடும்” என்றார் அக்கா. “ஆனா அடியில கொஞ்சமாவது சொந்த நகம் இருந்தாதான் புடிக்கும். புண்ணோ பூஞ்சையோ இருந்தா நான் தொட மாட்டேன். டாக்டர்கிட்ட போயிட்டு வாங்கம்பேன்.”

பூங்கோதையின் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புண்ணு இல்ல. இது நிக்கும்.”

அவரும் பீங்கான் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். கொலு பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் எழுதும் பிரிவில் இருந்தார். அவர் நகத்தைக் கொண்டுபோனதும் ஒரு பிளாஸ்டர் அச்சுதான். கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி போய் அழகுக்கலை படித்தார். அங்கே ஒரு பெண்ணுக்குக் கைவிரலில் செயற்கை நகம் வைப்பதைப் பார்த்து, “காலுக்கு வெக்க முடியாதா?” என்று கேட்டிருக்கிறார். “கால யாரு பாக்கப் போறா?” என்று சிரித்தார்களாம்.

“எங்க ஊர்ல காலத்தாங்க மொதல்ல பாப்பாங்க, அப்டின்னேன்” என்றார் என்னிடம்.

பிறகு தன் விரலிலேயே வைத்துப் பார்த்தார். பஸ் படியில் இடித்து ஒன்று பெயர்ந்தது. இன்னொன்றின் அடியில் தண்ணீர் புகுந்து நகம் பச்சையாகிப் போனது. டாக்டரிடம் போய் ஆற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நடந்து பார்த்தார், துணி துவைத்துப் பார்த்தார், குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்கிப் பார்த்தார். கடைசியில் அது நின்றது. கம்பெனி வேலையை விட்டார். கல்யாணப் பெண் என்று அவரிடம் முதலில் வந்தவள் பூங்கோதைதான்.

“இது நின்னாதான் நான் இந்த ஊர்ல நிக்க முடியும்” என்றபடியே அரத்தைக் கையில் எடுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நகம் வைத்தாயிற்று. பூங்கோதை வீட்டுக்கு வந்ததும் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசல் தெளித்தாள்.

கல்யாணம் விருத்தாசலத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் பெண்ணின் அறையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. உள்ளே போனால், பூங்கோதை காலை நீட்டியபடி அழுதுகொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வைத்த மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது. ஒன்பது கால் நகமும் செக்கச்செவேலென்று இருக்க, வலது கட்டை விரல் மட்டும் வெளுத்து நின்றது. தடித்த நகமாகவே இருந்திருந்தால்கூட இவ்வளவு கண்ணில் படாது.

எனக்குக் காரணம் புரிந்தது. மருதாணிச் சாயம் சொந்த நகத்தில் ஊறும், பிசினில் ஊறாது. அதை அப்போது சொல்லி என்ன பயன்? அக்காவுக்குப் போன் போட்டேன். ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். காலைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் செஞ்சி பாத்தனே, இத பாக்கலையே! நான் மருதாணி வெச்சி எட்டு வருசமாச்சே.”

அம்மா, “மேல நெயில் பாலிஷ் பூசிடலாமா?” என்றார்.

“வேணாங்க. மேல பூசுனா மேலதான் தெரியும். மருதாணி உள்ளேர்ந்து தெரியணும். பொம்மைக்கு ஒதடு எழுதறாப்பல, கலரு அடியில, கண்ணாடிப் பூச்சு மேல.”

கீழே உட்கார்ந்து பூங்கோதையின் காலை மடியில் வைத்துக்கொண்டார். மேல்பூச்சை அரத்தால் மெல்லத் தேய்த்து எடுத்தார். உடைந்த டைல் துண்டு ஒன்றில் ஆரஞ்சும் பழுப்பும் குழைத்து, பக்கத்து விரலோடு ஒப்பிட்டு, ஒரு துளி கருப்பு சேர்த்தார். மெல்லிசாகப் பூசி லைட் பெட்டியை எடுத்தபோது கரண்ட் போனது. மின்வெட்டு நேரம்.

ஜெனரேட்டரில் மேடைக்கும் சமையல்கட்டுக்கும் மட்டும்தான் லைன் இருந்தது. மீதி ஒரே ஒரு பாயிண்ட், அதில் மைக் செட். நான் ஓடிப் போய் மைக் செட் தங்கராசுவிடம் கேட்டேன்.

“கல்யாணத்துல பாட்ட நிறுத்தச் சொல்றியே, மாப்ள ஓடிப்புட்டாரா?” என்றார்.

“நகம் காயணும்ண்ணே.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கிக் கொடுத்தார். பாட்டு நின்றது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே ராஜ்மோகனின் அத்தை வீரம்மாள் நேராகப் பெண்ணின் அறைக்கே வந்துவிட்டார்.

“என்னா நடக்குது இங்க? யாரு இந்தப் பொம்பள?”

“நகம் வெக்கறவங்க” என்றாள் பூங்கோதை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கம்பெனியில அச்சு வுழுந்து என் நகம் போயிடுச்சுங்க. இது வெச்ச நகம்.”

வீரம்மாள் காலைப் பார்க்கவில்லை. அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா, பொண்ணு கால இவங்கதான் தொடணுமா?”

அக்கா நிமிரவே இல்லை. “இன்னும் ஒரு பூச்சு இருக்குதுங்க. முடிச்சிட்டுப் போயிடறேன்.”

“அக்கா எழுந்தா நானும் எழுந்துடுவேன்” என்றாள் பூங்கோதை. “அப்புறம் அரைகுறை நகத்தோடதான் அம்மி மிதிப்பேன். உங்களுக்கு சரியாங்க?”

வீரம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். “வாய்க்கொன்னும் கொறச்சல் இல்ல. சீக்கிரம் முடிங்க, பாட்டு இல்லாம எழவு வூடு மாரி இருக்குது” என்று வெளியே போனார். வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் அவரே தடுத்துத் திருப்பி அனுப்பினார்.

கடைசிப் பூச்சு காய்ந்தது. பாட்டு மறுபடி கேட்டது. அம்மி மேல் பூங்கோதை கால் வைத்தபோது ராஜ்மோகன் விரலைப் பிடித்து மெட்டி போட்டார். பத்து நகமும் ஒரே சிவப்பு. அவள் குனியவில்லை. அக்கா மேடைப் பக்கம் வராமல் பந்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

வீரம்மாள் திட்டக்குடி போய் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்களோ கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். பீங்கான் கம்பெனிப் பெண்கள், கரும்புக் கட்டு விழுந்து கால் நசுங்கியவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போன நான்கூடக் கூட்டத்தில் படிக்கட்டிலேயே காத்திருந்தேன்.

வேல்விழி அக்கா இப்போதும் அதே மாடி அறையில்தான் இருக்கிறார். வாசலில் “கால் நகம் சீர் செய்யப்படும்” என்று புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது. கல்யாணப் பெண் வந்தால், கலரை முதலில் தன் விரலில் வைத்துப் பார்க்கிறார். பக்கத்து நகத்தோடு ஒப்பிட மருதாணியையும் அவரே அரைத்து வைத்துக்கொள்கிறார். அவர் கால் நகங்கள் பத்தும் இப்போது சிவப்பாகத்தான் இருக்கின்றன.