வத்தேகமவில் ஒரு நேபிள்ஸ் பாட்டு

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதிக்கிறார்கள். யாழ்ப்பாண விலாசம் என்பதால் என் அடையாள அட்டையை மட்டும் சோதனைச்சாவடிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் காத்திருக்கிறேன்.

கடையில் கசெட் ஓடுகிறது. தெரியாத மொழியில் ஓர் ஆண் குரல் கெஞ்சிக் கெஞ்சி மேலே ஏறி அங்கேயே உடைகிறது. எனக்கு மயிர் கூச்செறிகிறது.

"வேதக்கோயில் பாட்டோ, யேசுவுக்குப் பாடுறதோ?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"இல்லைங்க, காதல் பாட்டு. என் சம்சாரம் இத்தாலியில, நேபிள்ஸ்ல வீட்டு வேலை செய்யுறா. தெருவுல ஒருத்தன் பாடுனத ஜன்னல்கிட்ட நின்னு பதிஞ்சு அனுப்பியிருக்கா. பாட்டுல, ஜன்னலத் தொறக்காத பொண்ணுக்காக விடிய விடிய கீழ நிக்கிறானாம்."

"உங்கட மனுசி கசெட்டில ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"பேசுனா அழுதுடுவா. பொறுங்க."

பாட்டு முடிகிறது. அவர் கிளாஸ் கழுவுவதை நிறுத்துகிறார். கசெட்டில் தெரு இரைச்சல். பிறகு, ஒரு ஜன்னலை மெல்லச் சாத்தும் சத்தம்.

"அதுதாங்க அவ."

கசெட்டைத் திரும்பச் சுற்றுகிறார். எதிரே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நான் இன்னும் எழும்பவில்லை. அந்த ஜன்னலை இன்னொரு தரம் கேட்டுவிட்டுப் போகிறேன்.