சில்லுக்கு வைத்த தேசிக்காய்

மொன்றியலில் அரை வருசம் வாசல் பனி வழிக்கிறவனை, விமானம் ஏறிப் பனி பார்க்கக் கூப்பிட்டால் கோபம் வராதா? மனைவியும் இரண்டு சிநேகிதக் குடும்பங்களும் என்னை அலாஸ்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கடலுக்குள் இறங்கும் பனியாறுகளுக்கு நடுவே, ஒரு சின்னப் படகில் பயணம்.

படகுத்துறையில் மனைவி கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தா. கண்ணூறு கழிய, வண்டிச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் பயணம் தொடங்குவார்கள்.

"படகுக்கு எங்கையப்பா சில்லு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவ அதைப் படகோட்டும் பெண்ணிடம் கொடுத்தா. அவள் சிரித்தபடி வாங்கிச் சுக்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானம் ஒரு பனியாற்றின் முன்னால் எஞ்சினை நிறுத்தினாள். வீடளவு பனி உடைந்து கடலில் விழுந்தது. நான்கூடக் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன். மிதந்து வந்த துண்டொன்றை அவள் வலையால் அள்ளி, உடைத்துக் கோப்பையில் போட்டு, அந்தத் தேசிக்காயையே பிழிந்து தண்ணீர் விட்டு மனைவியிடம் நீட்டினாள்.

கண்ணூறு கழிப்புக்கு வைத்ததை யார் குடிப்பார்கள்? மனைவி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தா. வாங்கிக் குடித்தா.

"சீனி காணாது," என்று சொல்லி மிச்சத்தை என்னிடம் தந்தா.

போன மாதம் புதுக் கார் எடுத்தோம். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தவ, ஐந்தாவதைப் பிழிந்து, ஐஸ் போட்டு எனக்குக் கொண்டுவந்தா. சீனி அளவாக இருந்தது.