அம்மாவின் கறுப்பு மரங்கள்

மழை பெய்தால் அம்மாவுக்கு வேலை இல்லை. ரப்பர் மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். விடியுமுன் எல்லாரும் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மரத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் காலி வாளியோடு திரும்ப வேண்டியதுதான். அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. சிடாம் கிரி பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் மழையை வைதுகொண்டே வீடு திரும்பாதவர் இல்லை. அம்மாவும் வைவார். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வாசல் வந்ததும் நிறுத்திவிடுவார். அதை நான் கவனித்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், நான் நாலாம் வகுப்பு. பீடோங் சந்தைக்குப் போன அப்பா, நான் ஒரு வாரம் அழுததற்காக, வாட்டர் கலர் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். பன்னிரண்டு வட்டங்கள், ஒரு தூரிகை. நான் அதைத் திறப்பேன், முகர்ந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். தப்பாகப் பூசிக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். பென்சிலால் வீடு வரைந்தால்கூட அடிக்கோல் வைத்துத்தான் வரைவேன். கோடு கொஞ்சம் கோணினால் அழிப்பானால் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகிவிடும். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பெரட்டிலிருந்து திரும்பிய அம்மா, சோறு ஆக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஏன் இத மூடி மூடி வைக்கிற? குடு, நான் ஒரு தடவ பூசிப் பாக்குறேன்."

"உனக்குத் தெரியாதும்மா."

"தெரியாததுனாலதான் கேக்குறேன். தெரிஞ்சிருந்தா உன்கிட்ட எதுக்கு வந்து நிக்கிறேன்?"

எனக்கு மனமில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். சிவப்பை மட்டும் தொடக்கூடாது என்று கட்டளையும் போட்டேன். சிவப்பு எனக்குப் பிடித்த நிறம்.

அம்மா நீலத்தைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தார். தண்ணீர் அதிகமாகி நிறம் ஓடியது. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அம்மா தாளைச் சாய்த்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் இறங்குவதைப் பார்ப்பதுபோல, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மறுபக்கம் சாய்த்தார். சிரித்தார்.

"என்னம்மா இது?"

"தெரில. என்னமோ ஒன்னு. நல்லாருக்குல்ல?"

எனக்கு அது நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. எது என்று சொல்ல முடியாத ஒன்று எப்படி நன்றாக இருக்கும்?

வருடக் கடைசி மழை அந்த முறை விடாமல் வந்தது. ஒவ்வொரு மழை நாளும் அம்மா ஒரு தாள் பூசினார். இரண்டாம் வகுப்போடு நின்றவர், பென்சில் பிடிக்கவே விரல் மறந்தவர், பால் வெட்டும் உளியைப் பிடிக்கிற மாதிரி தூரிகையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முனகியபடி பூசுவார். முடிந்ததும் காயவைத்துப் பாய்க்கு அடியில் செருகிவிடுவார். யாரிடமும் காட்டியதில்லை. நன்றாக வந்ததா என்று அப்புறம் கேட்டதும் இல்லை. சாயங்காலம் வானத்தைப் பார்த்து, "நாளைக்கு வரும்போலருக்கே" என்பார். அப்பாவுக்கு அது விளங்கிவிட்டது.

"இந்த லயத்துலயே மழைக்கு வேண்டிக்கிற ஒரே ஆளு நீதான்" என்றார். "மத்தவங்க கேட்டா அடிப்பாங்க லா."

அம்மா அதற்கும் சிரித்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்த அளவு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பள்ளியில் 'எங்கள் தோட்டம்' என்று ஓவியப் போட்டி வைத்தார்கள். நான் மூன்று நாள் அடிக்கோல் வைத்து ஆபீஸ், கோயில், வரிசையாக வீடுகள் எல்லாம் வரைந்தேன். நிறம் பூச மட்டும் துணியவில்லை. கொடுக்க வேண்டிய நாள் காலையில் கூரை ஒழுகித் தாள் ஊறிக் கிடந்தது. வெறுங்கையோடு போனால் சார் பிரம்பை எடுப்பார். அம்மா பெரட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பாய்க்கு அடியில் கைவிட்டு, மேலாக இருந்த ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அதில் மரங்கள் இருந்தன. தோட்டம் என்றால் மரம்தானே.

சார் தாளை விரித்துப் பார்த்தார். பிறகு வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். மரங்கள் எல்லாம் கறுப்பு. பின்னாலும் கறுப்பு. ஒரே ஒரு மரத்தில் மட்டும் இடுப்பளவு உயரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். அதற்குள் சாய்வாக வெள்ளைக் கோடு ஒன்று.

"மரம் என்ன நிறம்?" என்று சார் கேட்டார்.

"பச்சை, சார்" என்றது வகுப்பு.

"அப்ப இது என்ன, எரிஞ்சுபோன காடா?"

சிரிப்பு அடங்க நேரமானது. சார் கெட்டவர் அல்ல, அவருக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீயாம்மா வரைஞ்ச? உன் கோடு இப்படி இருக்காதே" என்றார்.

"இல்ல சார். எங்கம்மா."

உண்மையைத்தான் சொன்னேன். உண்மை பேசியதற்காக நான் இன்றுவரை வெட்கப்படுவது அந்த ஒரு தடவைதான்.

"அம்மாவ மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்று சார் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பொதுக் குழாயடியில் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண், "என்னக்கா, பள்ளிக்கூடத்துல சேந்துட்டியாமே. எந்த வகுப்பு?" என்றார். இன்னொருவர், "மரத்துக்கெல்லாம் கறுப்பு பூசினா வானம் கறுக்காம என்ன செய்யும்? அதான் இந்த மழ" என்றார். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். வாளி நிரம்பி வழிந்தபின்தான் குழாயை மூடினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

உள்ளே வந்து வாளியை வைத்தார்.

"நீயா எடுத்துட்டுப் போன?"

எனக்குப் பயம். பயந்த பிள்ளைகள் செய்வதைத்தான் செய்தேன், கோபப்பட்டேன். "நீ ஏன் கறுப்பா பூசின? மரம் பச்சன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல. உன்னாலதான் எல்லாரும் சிரிச்சாங்க."

"சாருமா சிரிச்சாரு?"

"சாருதான் மொதல்ல சிரிச்சாரு."

அம்மா தலையை ஆட்டினார். பெட்டியை எடுத்துப்போய்த் தூரிகையைக் கழுவினார். வட்டங்களில் கலந்துபோயிருந்த நிறத்தையெல்லாம் விரலால் ஒற்றி எடுத்தார். சாரோங் நுனியால் துடைத்து, மூடி, என்னிடம் கொடுத்தார்.

"இந்தா. சிவப்ப நான் தொடல."

அடுத்த மழை நாளில் அம்மா பழைய துணிகளைத் தைத்தார். நான் பெட்டியைத் திறந்து அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். "படிக்கிற வேலையப் பாரு போ" என்றார். பாய்க்கு அடியில் தேடினேன். ஒரு தாளும் இல்லை.

பதினைந்து வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், பால் வெட்டப் போகும் அம்மாவோடு மங்கு துடைக்கப் போனேன். ஐந்து மணி இருக்கும். சுற்றிலும் மை இருட்டு. அம்மா நெற்றி விளக்கோடு ஒரு மரத்தின் முன்னால் குனிந்தார். பட்டையில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. உளி சாய்வாக இறங்கியது. அதன் பின்னாலேயே வெள்ளையாகப் பால் கோடு. மற்ற மரங்களெல்லாம் கறுப்பாக நின்றன.

சார் பார்த்த அதே படம். விடிந்து மரங்கள் பச்சையாவதற்குள் அம்மா பாதி நிரை மரங்களை வெட்டி முடித்துவிடுவார். பத்து வருடமாகத் தினமும் பார்த்ததைப் பார்த்தபடியே பூசியிருக்கிறார். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மங்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் வாய் வராது.

இப்போது தோட்டத்தை விட்டு டவுனில், பாக்கார் ஆராங்கில் இருக்கிறோம், அம்மா என்னோடு. போன மாதம் கிளினிக்கில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த தாதி, "மனசுக்குப் பிடிச்சது ஏதாவது புதுசா செஞ்சு பாருங்க அக்கா" என்று, எங்கள் தாமான் குடியிருப்பில் சனிக்கிழமை நடக்கும் ஓவிய வகுப்பைச் சொன்னார். போனேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயது. "தப்புன்னு ஒன்னுமே இல்ல அக்கா, சும்மா கிறுக்குங்க" என்றாள். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார மாமி கோழியா பூனையா என்று தெரியாத ஒன்றை வரைந்து தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் தூரிகையை நனைத்தேன். அது காய்ந்தது. மறுபடி நனைத்தேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. யாராவது பார்த்துவிட்டால் என்ற நினைப்பு, நாற்பது வருடம் கழித்தும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வகுப்புக்கு வாங்கிய வண்ணப் பெட்டியும் வெள்ளைத் தாளுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வரைஞ்சியா?"

"வரலம்மா."

"யாராச்சும் சிரிச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

பெட்டியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். "நீ பூசுறியாம்மா? சிவப்பும் எடுத்துக்க."

அம்மா கொஞ்ச நேரம் நிறங்களைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார் என்றுகூட நினைத்தேன். வெளியே வெளிச்சம் மங்கி, கார் நிறுத்தும் கூரைமேல் முதல் துளிகள் விழுந்தன. அம்மா பெட்டியை மூடி என்னிடம் நீட்டினார்.

"மழ வருது பாரு. துணிய எடு."

போய்க் கொடியிலிருந்து துணிகளை எடுத்தேன். மழை பெய்தால் அம்மாவுக்கு வேலை இல்லை என்பது பத்து வயதில் எனக்குத் தெரியும். அந்தக் காலைகளில் அவருக்கு என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.