ஏரிப் படத்தின் ஓரத்தில் ஒரு குடை

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் நடந்தது இது. வாரம் முழுக்க ஆபீஸில் கணக்கோடு மாரடிக்கிற எனக்கு, போட்டோ எடுப்பதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அந்தப் பைத்தியத்தைப் பெரும்பாக்கம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலருக்கும் தொற்ற வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஏரியாவுல இன்னாக்கா கீது, மலையா அருவியா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் ஒரு வழி செய்தேன். ஆளுக்கு ஒரு இடம். வாரா வாரம் அதே இடத்தில், அதே மாதிரி நின்று ஒரு படம். வெளிச்சம் மாறும், தண்ணீர் ஏறி இறங்கும், மேகம் மாறும். அதைப் பார்க்கப் பழகினால் போதும், மலை எதற்கு?

ஏழாவது படிக்கிற ஒரு பெண் இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தாள். அவள் கையில் இருந்தது அம்மாவின் போன். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறவர். வேலைக்குக் கூப்பிடுவதெல்லாம் அந்தப் போனில்தான். பத்திரமாகத் திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் வகுப்புக்கே முழுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புவார்.

ரோட்டோர மின்கம்பத்தில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு எடுப்பாள். அங்கிருந்து எடுத்தால் படத்தின் இடது ஓரத்தில் மீன் விற்கிற அம்மா ஒருவரின் பச்சைக் குடை வந்துவிடும். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து உட்கார்கிறவர். கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தால் குடை போய்விடுமே என்று நானும் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். "அதே எடம்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்பாள். நானும் அதோடு விட்டுவிடுவேன்.

அந்த ஞாயிறு, கரையில் ஒரு லாரி ஏரியைத் தூர்க்கத் திருட்டுத்தனமாகக் கட்டட இடிசலைக் கொட்டிக்கொண்டிருந்தது. லாரியும் சேர்ந்து விழ, அவள் பாட்டுக்கு எடுத்தாள். லாரிப் பக்கமிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"வாரா வாரம் வந்து எடுத்துகினு போறீங்களாமே, யாரு அனுப்சது?"

பதற்றத்தில் இங்கிலீஷில் என்னவோ சொன்னேன். அது அவன் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. "அம்மா போனு சார் அது, குட்த்துடுங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறப்போனான்.

அப்போதுதான் மீன்காரம்மா எழுந்து வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பைக்குக்கு முன்னால் நின்றார்.

"ஏம்பா, பச்ச புள்ளயாண்ட இன்னாத்துக்கு மல்லுக்கட்ற? அது என்னத்தான் படம் புடிக்குது. வேணும்னா பாரு, எல்லாத்துலயும் நான் இருப்பேன்."

அவள் எடுத்ததெல்லாம் ஏரியைத்தானே, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவன் போனை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஏரி. ஏரி. மறுபடி ஏரி. ஆனால் எல்லாவற்றிலும் அந்தக் குடையும், குடைக்குக் கீழே அரைத் தோளும் இருந்தன. அவன் குடையைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான். அன்றைக்கு எடுத்ததை மட்டும் அழித்துவிட்டு, போனை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

சமயத்தில் நல்லவேளையாக ஒரு பொய் சொன்னீர்கள் என்று மீன்காரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன பொய் என்று அவருக்குப் புரியவில்லை. எங்கே, நான் எப்படி இருக்கேன்னு காட்டு என்று அந்தப் பெண்ணிடம் போனைக் கேட்டார். படங்களை உற்று உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல வாடியது.

"இத்தினி வாரமா தலய வாரிகினு வந்து குந்திகினு கீறேன், தோளு மட்டும்தான் வந்துகீதா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இப்பவே எடுக்கிறேன் என்று அவள் போனைத் தூக்கியதும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி வேர்த்து வழிகிற மூஞ்சியோடு வேண்டாம், அடுத்த வாரம் வா என்றார்.

அடுத்த வாரம் அரக்குக் கலர்ப் புடவை, தலை நிறையப் பூ. முதல் தடவையாக அந்தப் பெண் மின்கம்பத்தை விட்டு நகர்ந்து வந்து, அவருக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து எடுத்தாள். பின்னால் ஏரியும் வந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

இப்போதும் எந்த இடத்தில் கேமராவைத் தூக்கினாலும், அங்கே யாராவது எனக்காகத் தலைவாரிக்கொண்டு வந்து காத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.